நாட்பட்ட நோய்களுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு: மருத்துவச் செலவு குறையுமா? (புதுச்சேரியை முன்வைத்து)

ஒருங்கிணைந்த பராமரிப்பு என்பது நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் போன்ற நாட்பட்ட நோய்கள் உள்ளவருக்குப் பல இடங்களில் பலர் அளிக்கும் மருத்துவத்தை ஒரே திட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, தொடர்ந்து கண்காணிக்கும் முறையாகும். நோயாளிக்கு நலம் தருவது இதன் முதல் நோக்கம். மருத்துவமனைச் சேர்க்கைகளைத் தவிர்ப்பதால் செலவும் குறையும் என்பது இதற்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் காரணம். முதல் நோக்கத்துக்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. இரண்டாவது எப்போதும் நிறைவேறுவதில்லை. எந்த நிலைமைகளில் செலவு குறைகிறது, எவற்றில் குறைவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நீரிழிவு மிகுந்த பகுதிகளில் ஒன்றான புதுச்சேரி இதற்கு எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நாட்பட்ட நோயின் செலவு எப்படிப்பட்டது

காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ ஆகும் செலவுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. நாட்பட்ட நோயின் செலவு அப்படி முடிவதில்லை. அது இரண்டு வகைப்படும்.

முதலாவது, மாதந்தோறும் ஆகும் சிறு செலவு. மாத்திரை, இரத்தப் பரிசோதனை, மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், பேருந்துக் கட்டணம், அன்றைய கூலி இழப்பு ஆகியவை இதில் அடங்கும். தனித்தனியே பார்த்தால் இவை சிறியவை. ஆனால் வாழ்நாள் முழுவதும் தொடர்பவை.

இரண்டாவது, சிக்கல்களால் வரும் பெருஞ்செலவு. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, பார்வை இழப்பு, ஆறாத கால் புண்ணால் காலை இழத்தல் ஆகியவை இத்தகையவை. சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டால் ஆண்டுக்கு 156 முறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்தச் சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், அவராலும் உடன் வருபவராலும் வழக்கமான வேலைக்குப் போக இயலாது.

முதல் வகைச் செலவை ஒழுங்காகச் செய்தால் இரண்டாம் வகைச் செலவைத் தவிர்க்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பதே ஒருங்கிணைந்த பராமரிப்பின் அடிப்படைக் கருத்து.

புதுச்சேரியின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த இந்தியாப் நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். வயது வந்தோரில் இது 11.4 சதவீதம். கோவாவில் 26.4 சதவீதமும் புதுச்சேரியில் 26.3 சதவீதமும் கேரளத்தில் 25.5 சதவீதமும் பதிவாயின. அதாவது புதுச்சேரியில் வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு. உடற்பருமனில் புதுச்சேரியே முதலிடம் பெற்றது: பொதுப் பருமன் 53.3 சதவீதம், வயிற்றுப் பருமன் 61.2 சதவீதம்.

நோய் மிகுந்திருக்கும் இப்பகுதியில் மருத்துவ வசதியும் மிகுதி. பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் இங்கு மருத்துவப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்த பின், 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும், 1964இல் ஜவகர்லால் நேரு பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாகவும் (ஜிப்மர்) மாறியது. 2008இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. நகரின் உள்ளே இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும், கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும், தவளக்குப்பத்தில் 2003இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. இவற்றோடு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள், தனியார் மருத்துவக் கல்லூரிகள், தெருவுக்குத் தெரு மருந்தகங்கள் ஆகியவையும் இருக்கின்றன. குருசுக்குப்பத்தில் நகர்ப்புற மையமும் இராமநாதபுரத்தில் ஊரக மையமும் ஜிப்மரின் சமூக மருத்துவத் துறையால் நடத்தப்படுகின்றன.

எனவே புதுச்சேரி நகரவாசிக்கு மருத்துவர் கிடைக்காமல் போவது அரிது. ஆனால் ஒருவரைப் பார்க்கும் பல மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமலே மருந்து எழுதும் வாய்ப்பு அதிகம்.

சிதறிய பராமரிப்பின் விளைவுகள்

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் சர்க்கரைக்கு ஓரிடத்திலும், நெஞ்சு வலிக்கு வேறோரிடத்திலும், கண்ணுக்கு மற்றோரிடத்திலும் சிகிச்சை பெறுவதாக வைத்துக்கொள்வோம். மூட்டுவலிக்கு அவர் மருந்தகத்தில் கேட்டு வலி மாத்திரை வாங்குகிறார். இங்கே நான்கு வகைச் சிக்கல்கள் எழலாம்.

முதலாவது, இரட்டை மருந்து. ஒரே இரத்த அழுத்த மாத்திரையை இரு மருத்துவர்கள் இரு வணிகப் பெயர்களில் எழுதியிருக்கலாம். நோயாளி இரண்டையும் விழுங்கி, தலைசுற்றி விழுந்து, அவசரப் பிரிவுக்கு வருகிறார்.

இரண்டாவது, முரண் மருந்து. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வது, ஏற்கெனவே பாதிப்புள்ள சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிறுநீரகப் பரிசோதனையின் முடிவு ஓரிடத்தில் இருக்க, வலி மாத்திரை வேறிடத்தில் வாங்கப்படுகிறது.

மூன்றாவது, திரும்பத் திரும்பச் செய்யப்படும் பரிசோதனை. பழைய முடிவு கையில் இல்லாததால் அதே இரத்தப் பரிசோதனையும் இதய வரைபடமும் மீண்டும் எடுக்கப்படுகின்றன.

நான்காவது, யாருடைய பொறுப்பும் அல்லாத பரிசோதனை. விழித்திரைச் சோதனை, பாதச் சோதனை, சிறுநீரில் புரதச் சோதனை ஆகியவை நீரிழிவு உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது தேவை. ஒவ்வொருவரும் மற்றவர் செய்திருப்பார் என்று கருதுவதால் இவை விட்டுப்போகின்றன.

இவற்றில் முதல் மூன்றும் இன்றைய செலவைக் கூட்டுபவை. நான்காவது இன்றைக்குச் செலவை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றி, சில ஆண்டுகள் கழித்துப் பெருஞ்செலவாக வருவது. இந்தியாவில் நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுவோரில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் இலக்குக்குள் வைத்திருப்போர் 7.7 சதவீதத்தினரே என்று இந்தியாப் ஆய்வின் 2022ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது.

ஒருங்கிணைந்த பராமரிப்பின் கூறுகள்

அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் வாக்னர் 1990களில் உருவாக்கிய நாட்பட்ட நோய்ப் பராமரிப்பு மாதிரி இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. திட்டங்கள் பலவகைப்பட்டாலும் அவற்றில் பொதுவாகக் காணப்படும் கூறுகள் பின்வருமாறு:

1. நோயாளிகளின் பெயர்ப் பதிவேடு. யார் வரவில்லை என்பதை இதுவே காட்டும்.
2. ஒரு நோயாளிக்கு ஒரே சிகிச்சைத் திட்டமும் ஒரே மருந்துப் பட்டியலும்.
3. பொறுப்பான ஒருங்கிணைப்பாளர். பெரும்பாலும் இவர் செவிலியராகவோ பயிற்சி பெற்ற களப்பணியாளராகவோ இருப்பார்.
4. எந்த அளவுக்கு எந்த மருந்து என்று முன்பே வகுக்கப்பட்ட சிகிச்சை நெறிமுறை.
5. தடையில்லாத மருந்து வழங்கல்.
6. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரை உடனே தொடர்புகொண்டு மருந்துகளைச் சரிபார்த்தல்.
7. உணவு, நடை, பாதப் பராமரிப்பு, இன்சுலின் போட்டுக்கொள்ளுதல் ஆகியவற்றில் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் பயிற்சி.

இவற்றில் புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ எதுவுமில்லை. வேண்டியவை ஆள், நேரம், ஒழுங்கு. இவை மூன்றுக்கும் செலவு உண்டு என்பதே செலவுக் கணக்கின் தொடக்கப் புள்ளி.

செலவு குறையும் என்ற எதிர்பார்ப்பும் ஆய்வு முடிவுகளும்

இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்த பெரிய சோதனைகளில் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டின் கீழ் 2002 முதல் 15 ஒருங்கிணைப்புத் திட்டங்கள் நடத்தப்பட்டன. நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குச் செவிலியர் ஒருங்கிணைப்பாளர் கிடைத்தார். மற்றப் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. 2009இல் வெளியான முடிவுகளின்படி, 13 திட்டங்களில் மருத்துவமனைச் சேர்க்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திட்டத்துக்கான செலவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நிகரச் சேமிப்பைக் காட்டிய திட்டம் ஒன்றுகூட இல்லை.

பின்னர் 2012இல் வெளியான மறு ஆய்வு இன்னும் நுணுக்கமான விடை தந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 11 திட்டங்களில் 4, அதிக ஆபத்து நிலையில் இருந்த நோயாளிகளிடையே மருத்துவமனைச் சேர்க்கையை 8 முதல் 33 சதவீதம் வரை குறைத்திருந்தன. அந்தத் திட்டங்களில் ஒருங்கிணைப்பாளர்கள் தொலைபேசியோடு நிற்காமல் நோயாளியை நேரில் சந்தித்தனர், மருத்துவர்களையும் நேரில் கண்டு பேசினர், மருந்துகளைச் சரிபார்த்தனர், மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவுடன் உதவினர்.

இரண்டாவது எடுத்துக்காட்டு நியூ ஜெர்சியின் கேம்டன் நகரம். அடிக்கடி மருத்துவமனையில் சேர்பவர்களைக் கண்டறிந்து, வீடு தேடிச் சென்று உதவும் திட்டம் ஒன்றை மருத்துவர் ஜெஃப்ரி பிரென்னர் அங்கே நடத்தினார். மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே 2011இல் எழுதிய கட்டுரையால் அது உலகப் புகழ் பெற்றது. திட்டத்தில் சேர்ந்தவர்களின் மருத்துவமனைச் சேர்க்கை பெரிதும் குறைந்ததாகக் கருதப்பட்டது. பின்னர் 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. 180 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் திட்டப் பிரிவில் 62.3 சதவீதம், ஒப்பீட்டுப் பிரிவில் 61.7 சதவீதம். அதாவது திட்டத்தால் மறுசேர்க்கையில் வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை.

சராசரிக்குத் திரும்புதல்

கேம்டனில் முன்பு காணப்பட்ட குறைவு எங்கே போனது? இதற்கான விடை புள்ளியியலில் உள்ளது. ஒருவர் மிக மோசமாக இருக்கும் நேரத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த சில மாதங்களில் அவர் நிலை எப்படியும் ஓரளவு சீராகும் வாய்ப்பே அதிகம். எந்த உதவியும் பெறாத ஒப்பீட்டுப் பிரிவிலும் அதே அளவு குறைவு ஏற்பட்டது. இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பர்.

ஒரு திட்டத்தைப் பற்றி "சேரும் முன் ஆண்டுக்கு இத்தனை இலட்சம் செலவு, சேர்ந்த பின் இவ்வளவுதான்" என்று விளம்பரம் வந்தால், மாணவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: திட்டத்தில் சேராத, அதே நிலையில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத சேமிப்புக் கணக்கை நம்புவதற்கில்லை.

தெற்காசிய அனுபவம்

அமெரிக்க முடிவுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே வழக்கமான சிகிச்சையே ஓரளவு நிறைவானது; அதற்கு மேல் ஒருங்கிணைப்பாளர் சேர்க்கும் பயன் சிறியது; ஆனால் அவருடைய ஊதியம் பெரியது. இங்கே நிலை தலைகீழ். இரத்த அழுத்தம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் இடையில் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். மருந்தோ மலிவானது.

இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 நீரிழிவு மருத்துவமனைகளில் 1,146 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர் அல்லாத ஒருங்கிணைப்பாளரும், மருத்துவருக்கு நினைவூட்டும் மின்னணுப் பதிவேடும் ஒரு பிரிவுக்கு அளிக்கப்பட்டன. 2016இல் வெளியான முடிவின்படி, வகுக்கப்பட்ட இலக்குகளை ஒருசேர எட்டியவர்கள் அப்பிரிவில் 18.2 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 8.1 சதவீதம். இரு மடங்குக்கு மேல் முன்னேற்றம்தான். ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் இலக்கை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 30 ஊரகப் பகுதிகளில் 2,645 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. அரசுக் களப்பணியாளர்கள் வீட்டுக்குச் சென்று இரத்த அழுத்தம் பார்த்து, ஆலோசனை கூறி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினர். அப்பகுதிகளில் மேல் இரத்த அழுத்தம் மற்ற இடங்களைவிடச் சராசரியாக 5 மி.மீ. அதிகமாகக் குறைந்தது. ஏற்கெனவே இருந்த பணியாளர்களே இதைச் செய்தனர் என்பது செலவு நோக்கில் முக்கியமானது.

சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் இதற்கும் முந்தைய முன்னோடி. சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, வீடு வீடாகச் சிறுநீர்ச் சோதனையும் இரத்த அழுத்தச் சோதனையும் செய்யப்பட்டன. நோய் உள்ளவர்களுக்கு மிக மலிவான பழைய மருந்துகளே தரப்பட்டன. எல்லோருக்கும் இரத்தச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ தர நாட்டிடம் பணம் இல்லை. ஆகவே செயலிழப்பைத் தடுப்பதே வழி என்பது அதன் அடிப்படை.

அரசு அளவில் தமிழ்நாட்டின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள், இயன்முறை மருத்துவம், வலிநிவாரணப் பராமரிப்பு ஆகியவை வீட்டுக்கே செல்கின்றன. 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு விருதைப் பெற்றது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து மொத்தக் கொள்முதல் மூலம் மருந்து விலையைக் குறைத்துவைத்திருப்பது இதற்கு அடித்தளம். 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியும் எளிய நெறிமுறை, தடையில்லா மருந்து, களப்பணியாளர் பங்கு, எளிய பதிவேடு என்ற அதே வழியைப் பின்பற்றுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

செலவு எப்போது குறையும் என்பதைப் புரிந்துகொள்ளக் கற்பனையான எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். இவை எந்த மருத்துவமனையின் புள்ளிவிவரமும் அல்ல.

ஒரு சுகாதார நிலையத்தில் 1,000 நாட்பட்ட நோயாளிகள் இருக்கின்றனர். ஆண்டுக்கு அவர்களில் 40 சேர்க்கைகள் மருத்துவமனையில் நிகழ்கின்றன. ஒரு சேர்க்கைக்கு ரூ. 50,000 என்றால் மொத்தம் ரூ. 20 இலட்சம். ஒருங்கிணைப்புக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ. 1,000 ஆகிறது. திட்டம் சேர்க்கைகளில் நான்கில் ஒரு பங்கைத் தடுக்கிறது.

முதல் வழி: 1,000 பேரையும் சேர்த்தால் திட்டச் செலவு ரூ. 10 இலட்சம். தடுக்கப்படும் சேர்க்கை 10, மிச்சம் ரூ. 5 இலட்சம். நிகரமாக ரூ. 5 இலட்சம் கூடுதல் செலவு.

இரண்டாம் வழி: 40 சேர்க்கைகளில் 24 சேர்க்கைகள் 200 பேரிடமிருந்தே வருகின்றன என்று கண்டறிந்து, அவர்களுக்கு மட்டும் திட்டத்தை அளித்தால் செலவு ரூ. 2 இலட்சம். தடுக்கப்படும் சேர்க்கை 6; மிச்சம் ரூ. 3 இலட்சம். நிகரச் சேமிப்பு ரூ. 1 இலட்சம்.

மூன்றாம் வழி: ஏற்கெனவே உள்ள பணியாளரைக் கொண்டு ஒருவருக்கு ஆகும் செலவை ரூ. 400 ஆகக் குறைத்தால், 1,000 பேருக்கும் ரூ. 4 இலட்சம்தான் ஆகும். மிச்சம் ரூ. 5 இலட்சம். நிகரச் சேமிப்பு ரூ. 1 இலட்சம்.

மூன்று வழிகளிலும் சிகிச்சையின் பலன் ஒரே விகிதம்தான். விடையை மாற்றியவை இரண்டு: யாரைச் சேர்க்கிறோம் என்பதும், ஒருவருக்கு எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதும். முதல் வழியில் ரூ. 5 இலட்சம் கூடுதலாகச் செலவானாலும் 10 பேர் மருத்துவமனைப் படுக்கைக்குப் போகாமல் தப்பினர் என்பதையும் மறக்கக் கூடாது. செலவு கூடியதாலேயே திட்டம் வீண் என்று ஆகிவிடாது.

காலமும் செலவும்

சிக்கல்களைத் தடுக்க ஆண்டுகள் தேவை. இங்கிலாந்தில் நீரிழிவு உள்ள 1,148 பேரிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. அதற்கு நோயாளிகளை நடு அளவாக 8.4 ஆண்டுகள் தொடர வேண்டியிருந்தது. ஓராண்டு ஒப்பந்தத்துக்குள் சேமிப்பைக் காட்டச் சொன்னால் எந்தத் திட்டமும் திணறும்.

தொடக்க ஆண்டுகளில் செலவு கூடுவதும் இயல்பு. வீடு வீடாகச் சோதித்தால் மறைந்திருந்த நோயாளிகள் வெளிப்படுவர். அவர்களுக்கு மருந்தும் பரிசோதனையும் தர வேண்டும். விழித்திரைச் சோதனை கூடினால் லேசர் சிகிச்சையும் கூடும். அது வீண் செலவன்று. முன்பே செய்திருக்க வேண்டிய செலவு.

தடுப்பு மருத்துவம் எல்லாமே பணத்தை மிச்சப்படுத்தும் என்ற கருத்தும் சரியன்று. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செலவுப் பயன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உண்மையில் பணத்தை மிச்சப்படுத்திய தடுப்பு முறைகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவற்றில் பல, செலவுக்கு ஏற்ற நலத்தைத் தந்தன. "செலவைக் குறைப்பது" வேறு, "செலவுக்குத் தகுந்த பயன் தருவது" வேறு.

யாருடைய செலவு?

செலவு குறையுமா என்ற கேள்விக்கு முன் யாருடைய செலவு என்று கேட்க வேண்டும்.

இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013–14இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021–22இல் 39.4 சதவீதமாகக் குறைந்ததாகத் தேசிய சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 இலட்சம் வரை தருகிறது. ஆனால் அது உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் அது பொருந்தாது. கால் அகற்றும் அறுவைக்குக் காப்பீடு பணம் தரும். காலைக் காக்கும் தொடர் பராமரிப்புக்குத் தராது. செலவு குறைய வேண்டுமானால் பணம் செல்லும் திசையும் மாற வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

புதுச்சேரியில் அரசு நிறுவனங்களில் சிகிச்சை பெரும்பாலும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கிறது. இங்கே நோயாளியின் உண்மைச் செலவு பலவேளைகளில் நாள்கூலியே. சர்க்கரைப் பிரிவுக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள், இதயத்துக்கு ஒரு நாள் என்று மூன்று நாட்கள் வந்தால் மூன்று நாள் கூலி போகும். துணைக்கு வரும் மகனோ மகளோ இழக்கும் கூலியையும் சேர்த்தால் ஆறு நாள். மூன்றையும் ஒரே நாளில் முடித்துக்கொடுப்பது அரசின் கணக்கில் ஒரு ரூபாயையும் மிச்சப்படுத்தாமல் இருக்கலாம். குடும்பத்தின் கணக்கில் அது பெரிய மிச்சம். இலவசம் என்று அறிவிக்கப்பட்ட மருத்துவத்தைக்கூடச் சிலர் பாதியில் விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவமனைக்குக் கிடைக்கும் மிச்சமும் எப்போதும் பணமாகத் தெரிவதில்லை. ஒரு படுக்கை காலியானால் அதில் அடுத்த நோயாளி வருவார். மருத்துவமனையின் ஆண்டுச் செலவு அப்படியே இருக்கும். ஆனால் வரிசையில் காத்திருந்த ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கும்.

புதுச்சேரியில் உள்ள வாய்ப்புகளும் தடைகளும்

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. இது தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர மாவட்டத்தைவிடவும் குறைவு. மூன்றில் இரண்டு பங்கினர் நகர்ப்புறத்தில் வாழ்கின்றனர். ஆரம்ப சுகாதார நிலையம் முதல் உயர் சிறப்பு மருத்துவமனை வரை சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பது ஒருங்கிணைப்புக்கு ஏற்ற சூழல்.

2020 ஆகஸ்ட் 15 அன்று தேசிய எண்ணியல் சுகாதாரத் திட்டம் முதலில் ஆறு ஒன்றியப் பகுதிகளில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. அவற்றில் புதுச்சேரியும் ஒன்று. ஒவ்வொருவருக்கும் 14 இலக்கச் சுகாதார எண் தந்து, எந்த மருத்துவமனையில் எடுத்த பரிசோதனையையும் அவர் ஒப்புதலுடன் மற்ற இடத்தில் பார்க்க வழி செய்வது இதன் நோக்கம். இரட்டை மருந்தையும் திரும்பச் செய்யும் பரிசோதனையையும் தவிர்க்க இது உதவும். ஆனால் எண் இருப்பதால் மட்டும் ஒருங்கிணைப்பு வந்துவிடாது. பதிவைத் திறந்து பார்க்கவும், வராதவரை அழைக்கவும் ஒரு மனிதர் வேண்டும்.

தடைகளில் முதன்மையானது எல்லை. புதுச்சேரியின் நிலப்பகுதி தமிழ்நாட்டோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கிறது. ஜிப்மருக்கு வருவோரில் பலர் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டத்தினர். சிகிச்சை மைய அரசின் நிறுவனத்தில் நடக்கும்; வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவர் தமிழ்நாடு அரசின் பணியாளராக இருப்பார்; இடையில் வலி வந்தால் போகும் மருத்துவமனை புதுச்சேரி அரசுடையதாக இருக்கும். மூன்று அரசுகளின் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசாதவரை ஒருங்கிணைப்பு நோயாளியின் கையிலுள்ள துணிப்பையில்தான் இருக்கும். காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய பகுதிகள் தொலைவில் இருப்பதால் அவற்றுக்குத் தனி ஏற்பாடு தேவை.

இரண்டாவது தடை, பெரிய மருத்துவமனைமீது மக்களுக்குள்ள நம்பிக்கை. அருகில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தும் மாதாந்திர மாத்திரைக்காகக் கோரிமேட்டு வரிசையில் நிற்பவர்கள் உண்டு. ஒரே மருந்தும் ஒரே நெறிமுறையும் அருகிலேயே தடையின்றிக் கிடைத்தால்தான் இந்த நம்பிக்கை இடம் மாறும். ஒரு மாதம் மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினால் மறு மாதம் அவர் வரமாட்டார்.

செலவு குறைய வாய்ப்புள்ள நிலைமைகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், பின்வரும் நிலைமைகளில் ஒருங்கிணைந்த பராமரிப்பு செலவைக் குறைக்கும் வாய்ப்பு அதிகம்:

1. மருத்துவமனைச் சேர்க்கை நிகழும் ஆபத்து அதிகமுள்ளவர்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தல்.
2. ஒருங்கிணைப்பாளர் நோயாளியையும் மருத்துவரையும் நேரில் சந்தித்தல்.
3. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதல் சில நாட்களில் மருந்துகளைச் சரிபார்த்தல்.
4. மலிவான பொதுப்பெயர் மருந்துகளும் இருக்கும் பணியாளர்களும் பயன்படுதல்.
5. பலனைக் கணக்கிடப் போதிய ஆண்டுகள் தருதல்.
6. ஒப்பீட்டுப் பிரிவு வைத்துக் கணக்கிடுதல்.

இவை இல்லாத இடங்களில் ஒருங்கிணைப்பு என்ற பெயரில் இன்னொரு படிவமும் இன்னொரு அலுவலகமும் சேர்ந்து, செலவே கூடும்.

முடிவுரை

ஒருங்கிணைந்த பராமரிப்பு மருத்துவச் செலவைக் கட்டாயம் குறைக்கும் என்று சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை. தக்க நோயாளிகளுக்கு, மலிவான முறையில், பொறுமையோடு நடத்தினால் குறைக்கலாம் என்று சொல்ல இடம் தருகின்றன. வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள புதுச்சேரியில், ஒன்றும் செய்யாதிருப்பதும் இலவசமன்று. அதன் செலவு இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவிலும், கண் அறுவை அரங்கிலும், கூலி இழந்த வீடுகளிலும் பின்னர் வந்து சேரும். ஆகவே இத்தகைய திட்டங்களை மதிப்பிடும்போது எத்தனை ரூபாய் மிச்சம் என்பதோடு, எத்தனை கால்களும் கண்களும் சிறுநீரகங்களும் காக்கப்பட்டன, அதற்கு எவ்வளவு செலவானது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.